மாமாவின் கரும்பலகையும் மகனின் மூன்றாமிடமும்

போன வாரம் பினாங்கு ஆயர் ஈத்தாமில் மாமா வீட்டுச் சாமான் அறையை ஒழிக்கப் போனேன். பழைய மின்விசிறிக்கும் அரிசி வாளிக்கும் நடுவில் அந்தக் கரும்பலகை நின்றிருந்தது. ரெண்டடிக்கு மூணடி. ஓரத்தில் கறுப்புச் சாயம் உரிந்து உள்ளே பலகை தெரிகிறது. தலையில் வெள்ளை பெயிண்டில் 'இந்த வார டாப் 10'. அதற்குக் கீழே ஒன்று முதல் பத்து வரை எண்கள், அவையும் பெயிண்ட்தான். பெயர்களை மட்டும் சாக்பீஸில் எழுதுவோம். எட்டாம் எண்ணுக்கு எதிரே 'முருகன் பக்தி' என்று பாதி அழிந்த எழுத்து இன்னும் இருந்தது. என் கையெழுத்து.

மார்க்கெட் ஸ்திரீட், லெபு பாசார், எந்தப் பெயர்ப்பலகை நட்டாலும் பினாங்கில் நம் ஆட்களுக்கு அது கடைத்தெருதான். மாமாவின் கேசட் கடை அங்கே இருந்தது. 1987-ல் எனக்குப் பதிமூன்று வயது. பள்ளி விட்டதும் சீருடையோடு கடைக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகை எழுதுவது என் வேலை. "சாக்பீஸைத் தண்ணியில நனைச்சு எழுது பாப்பா, காஞ்சதும் பளிச்சுன்னு தெரியும்" என்பார் மாமா. உண்மைதான். எழுதும்போது ஒன்றுமே தெரியாது. பத்து நிமிஷத்தில் காய்ந்து வெள்ளைவெளேர் என்று எழுந்து வரும்.

எழுதுவதற்கு முன் பில் புத்தகத்தைப் புரட்டிக் கோடு போட்டு எண்ணுவேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, அஞ்சு. அப்போதே கணக்குப் பிடித்திருந்தது போல. (இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குதான் பார்க்கிறேன்.) பத்துப் பெயரை வரிசைப்படுத்தி மாமாவிடம் நீட்டினால், அவர் காகிதத்தைப் பார்ப்பார், திரும்பிப் பின்னால் உள்ள அலமாரியைப் பார்ப்பார். "மூணாவதைத் தூக்கி ஒண்ணுல போடு."

எனக்குக் கோபம் கோபமாக வரும். "அது பன்னெண்டுதான் மாமா வித்திருக்கு. முதல்ல இருக்கிறது இருபத்தேழு."

"இருபத்தேழு வித்தது தீந்து போச்சு. பலகையைப் பாத்துட்டு வந்து கேட்டா எதைக் கொடுப்பே? இது நாப்பது பெட்டியில ஒக்காந்திருக்கு."

அடுத்த வாரம் எண்ணினால் அந்தக் கேசட் உண்மையிலேயே முதலிடத்தில் இருக்கும். மாமா சிரிப்பார். "நான் பொய் சொல்லல பாப்பா. கொஞ்சம் முன்கூட்டியே சொன்னேன்."

வெகுகாலம் இது எங்கள் கடைத்தெருத் தில்லுமுல்லு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் பில்போர்ட் பத்திரிகை போடும் இசை விற்பனைப் பட்டியலே 1991 வரை ஏறக்குறைய இப்படித்தான் ஓடியிருக்கிறது. குறிப்பிட்ட சில கடைகளைக் கூப்பிட்டு "இந்த வாரம் என்ன போச்சு?" என்று கேட்பார்கள். கடைக்காரர் வரிசை சொல்வார். தேங்கிக் கிடப்பதை மேலே சொல்லலாம், கம்பெனி ஆள் காப்பி வாங்கிக் கொடுத்ததை மேலே சொல்லலாம், தனக்குப் பிடிக்காத பாட்டை மறந்தும் போகலாம். அங்கேயும் மாமாக்கள்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து அது மாறியது. நான் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருஷம். கல்லாவில் பார்கோடைத் தடவும்போதே விற்பனையைப் பதிவு செய்யும் சவுண்ட்ஸ்கேன் கணக்கை ஆல்பம் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரரின் வாய்க்கு வேலை இல்லை. உடனே பட்டியலின் முகமே வேறாகிவிட்டது. ராப் மேலே வந்தது, அமெரிக்கக் கிராமியப் பாணியான கன்ட்ரி மேலே வந்தது. அந்த செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி ஆல்பம் வந்த வாரமே முதலிடத்தில் நுழைந்தது. கன்ட்ரியில் அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. ஜனங்கள் திடீரென்று ரசனையை மாற்றிக்கொண்டார்களா என்ன? முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணுகிறவர் கண்ணில் படவில்லை.

பில்போர்டை விடுங்கள், மாமாவின் இன்னொரு வியாபாரத்தைச் சொல்லியாக வேண்டும். கடையின் பின்பக்கம் திரைக்கு அப்பால் ரெண்டு டெக், ஒரு ஆம்ப். வாடிக்கையாளர் கோடு போட்ட தாளில் பாட்டு எழுதிக் கொடுப்பார். ஒரு பாட்டுக்கு முப்பது காசு, கேசட் விலை தனி. 60 கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் பிடிக்காது. 90 என்றால் பதினெட்டு, இருபது. மாமாவிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம் எத்தனை நொடி என்று அதில் எழுதியிருக்கும், 4.32, 5.10 என்று. ஒரு பக்கம் முடியும் இடத்தில் பல்லவி பாதியில் அறுந்து போகக்கூடாது. அதற்காகப் பாட்டுகளை முன்னும் பின்னும் மாற்றி, கூட்டிக் கழித்து, நாடா ஓடி முடிய ஆறேழு நொடி மிச்சம் வரும்படி நிறுத்துவார். கடைசியில் ஸ்க்ரூடிரைவர் முனையால் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிடுவார், யாரும் தவறி மேலே பதிந்துவிடாமல் இருக்க. அந்த 'டிக்' சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

திருட்டுப் பதிவுதான், மறைக்கவில்லை. ஆனால் 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையப் பாட்டுக் கடை திறந்து, ரெண்டு லட்சம் பாட்டு, ஒரு பாட்டு 99 சென்ட், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள் என்றபோது உலகமே புரட்சி என்றது. முதல் வாரத்தில் பத்து லட்சம் பாட்டு விற்றார்கள். எனக்கு அந்தத் திரையும் முப்பது காசும்தான் ஞாபகம் வந்தன. முழு ஆல்பமும் வேண்டாம், எனக்குப் பிடித்த ரெண்டு போதும் என்று கடைத்தெருவில் ஜனங்கள் பதினைந்து வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள்.

மாமாவுக்கு அந்தச் செய்தியெல்லாம் போய்ச் சேரவில்லை. அதற்குள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) நூற்றைம்பது பாட்டு எம்பி3 தட்டு வந்துவிட்டது. 2005-ல் கடையை மூடினார். திருடனுக்குத் திருடன் வந்தான் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பட்டியல்காரர்கள் டவுன்லோடைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வாக்கில்தான். பில்போர்டின் தனிப்பாட்டுப் பட்டியலான ஹாட் 100-ல் 2005 பிப்ரவரி, பிரிட்டனின் சிங்கிள்ஸ் பட்டியலில் அதே ஏப்ரல். மறு வருஷமே நார்ல்ஸ் பார்க்லி என்ற இருவர் கூட்டணியின் பாட்டு, கடைக்கு ஒரு தட்டுகூட வராமல், வெறும் டவுன்லோடிலேயே பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அலமாரியே இல்லாத முதலிடம்! மாமா எதைத் திரும்பிப் பார்ப்பார்?

ஆனால் அலமாரி போனாலும் மாமாக்கள் போகவில்லை. 2011 மே மாதம் பாடகி லேடி காகாவின் புது ஆல்பத்தை அமேசான் 99 சென்டுக்குக் கொடுத்தது. ஒரு பாட்டு விலையில் முழு ஆல்பம். முதல் வாரம் 11 லட்சம் விற்றது, அதில் நாலு லட்சத்துக்கு மேல் இந்த மலிவு விலையில். பிறகு பில்போர்ட் ஒரு விதி போட்டது: முதல் நாலு வாரத்துக்கு 3.49 டாலருக்குக் கீழே விற்றால் ஆல்பம் கணக்கில் வராது. மலிவு விற்பனையைப் பட்டியலுக்கு வெளியே வை என்று மாமாவிடம் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் பலகையில் பாதி காலியாக இருந்திருக்கும்.

எனக்கு உறுத்தியது வேறு. 2010 ஜூலை 31 அன்று எந்திரன் பாடல்களை இங்கே, புத்ராஜெயாவில்தான் வெளியிட்டார்கள். ரஹ்மான் வந்தார், ரஜினி வந்தார். ரெண்டே நாளில் ஐடியூன்ஸின் உலக இசை ஆல்பம் பட்டியலில் முதலிடம். தமிழ் ஆல்பம் ஒன்று அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. நம் ஊரில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் மலேசியாவில் ஐடியூன்ஸ் பாட்டுக் கடை திறந்ததே 2012 ஜூனில்தான். விழா நடந்தது நம் வீட்டில், ஓட்டுப் போட்டது அடுத்த ஊர்க்காரன். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையிலும் அந்தப் பாட்டுகள் அலறிக்கொண்டிருந்தன. பட்டவொர்த் ஃபெர்ரியில் பள்ளிப் பிள்ளைகள் புளூடூத்தில் மாற்றிக்கொண்டார்கள். என் மகன் பென்டிரைவில் கொண்டு வந்தான், எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. இதில் ஒன்றுகூட எந்தப் பட்டியலிலும் விழுந்திருக்காது.

அந்த மகன் 2014-ல் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஏழு பாட்டு போட்டான். பிறை என்ற ஊரில் ஒருவன் வீட்டுப் படுக்கையறையில், மெத்தையைச் சுவரில் சாய்த்துப் பதிந்தார்கள். டிஜிட்டல் கடைகளில் ஏற்றிவிட ஒரு இடைத்தரகர் கம்பெனிக்கு வருஷக் கட்டணம் கட்டினார்கள். அவர்களுடைய மொழிப் பட்டியலில் தமிழே இல்லை. 'மற்றவை' என்று போட்டான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதை இல்லை.

வெளியீட்டு நாளன்று குடும்பம் முழுக்க ஒரே நேரத்தில் வாங்க வேண்டும் என்று மகன் உத்தரவு. அந்தக் கடைகளின் பட்டியல் வரிசை அண்மைய விற்பனையை வைத்து மாறிக்கொண்டே இருக்குமாம், சிதறி வாங்கினால் பிரயோஜனமில்லையாம். ராத்திரி எட்டு மணிக்கு ஆளாளுக்குப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடன் அட்டை இல்லாத அத்தை என் கையில் அம்பது வெள்ளியைத் திணித்து, "எனக்கும் ஒண்ணு வாங்கிடு" என்றார். வாங்கினேன்.

"எங்க கேசட்?"

"கேசட் இல்லத்தை. போன்லதான் இருக்கு."

"யாரு போன்ல?"

"என் போன்ல."

"அப்ப என் காசு?"

விளக்கிச் சொல்லி மாளவில்லை. மிச்சத்தைக் கொடுத்துவிட்டு மகனிடம் சொல்லி ஒரு சிடியில் எரித்துக் கொடுத்தேன். ஆக அத்தை பேரில் நான் வாங்கிய ஆல்பம் கணக்கில் விழுந்தது, அத்தை கேட்ட சிடி விழவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர். பதினொன்றுதான்! நம் நாட்டுக் கடையின் இந்திய இசைப் பிரிவில் மூன்றாம் இடம். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டதும் ஈப்போ சித்தி, "மலேசியாவிலேயே மூணாவதா!" என்று எழுதினார். "இந்தியப் பாட்டுப் பிரிவில சித்தி, இந்த ஒரு மணி நேரத்துக்கு" என்று மகன் பதில் போட்டான். அதை யார் படித்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே பட்டியலில் எங்கள் ஆல்பம் காணாமல் போயிருந்ததை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கணக்கு வந்தது. முழு ஆல்பம் 19, தனிப்பாட்டு 31. தரகர் பங்கு போக வருஷக் கட்டணத்துக்கே காணாது. அந்த 2014 டிசம்பரில் பில்போர்ட் புதுக் கணக்குக்கு மாறியிருந்தது. பத்து தனிப்பாட்டு விற்றால் ஒரு ஆல்பம், 1,500 முறை ஸ்ட்ரீமிங்கில் ஓடினால் ஒரு ஆல்பம். தொழில் புத்தி, விளையாட்டாகப் போட்டுப் பார்த்தேன்: பத்தொன்பதும் மூன்று புள்ளி ஒன்றும், மொத்தம் 22.1 ஆல்பம். நம் சினிமாப் படங்களுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்றும் யோசித்தேன். ஒரு படத்துக்கு ஆறு பாட்டு. ஆறையும் தனித்தனியாக வாங்கினாலும் முக்கால் ஆல்பம்கூட ஆகாது. பத்துப் பாட்டு ஆல்பம் போடுகிற ஊர்க்காரர்கள் எழுதிய விதி.

கரும்பலகையைத் துடைத்துக் கூடத்தில் சாய்த்து வைத்தேன். மாமாவுக்கு இப்போது 81. தினமும் காலையில் பசியாறும்போது போனில் ஒரே ஒரு முருகன் பாட்டு, ஒரு தடவை. அந்த 2014 விதிப்படி அவர் ஒரு ஆல்பம் வாங்கியதாக ஆக நாலு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டாரா தெரியவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மவன் பாட்டு எத்தினி வித்துச்சுன்னே?"

"இருபத்திரெண்டு, மாமா."

"இருபத்திரெண்டா! ரெண்டாவதா எழுதியிருப்பேன்."

"ஏன், முதல்ல போட மாட்டீங்களா?"

"அதான் ஸ்டாக்கே கெடையாதுன்னியே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார்.