ஆடி கொடைக்குள் ஒரு கச்சேரிப் பட்டியல்

2 ஜூலை 2025

மார்கழி வந்தால் சென்னையில் எந்த சபாவில் யார் பாட்டு என்று படுத்துக்கொண்டே இணையத்தில் பார்த்துவிடலாம். இங்கே திருநெல்வேலிப் பக்கம் ஆடிச் செவ்வாய் ராத்திரி எந்தெந்த ஊர்க் கொடையில் (கோயில் திருவிழாவைத்தான் கொடை என்போம்) வில்லுப்பாட்டு என்று கேட்டால், அந்தந்த ஊர்க்காரனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆடி பிறப்பதற்குள் இதற்கென்று ஒரு வலைத்தளம் போட்டுவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பைதானில் நிரல், பக்கங்களைப் பிரித்தெடுக்க பியூட்டிஃபுல் சூப், சேர்த்து வைக்க எஸ்க்யூலைட், தினமும் விடியற்காலையில் தானாக ஒரு தடவை ஓட கிரான். இதற்குமேல் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

4 ஜூலை

சபாக்கள், கோயில்கள், செய்தித் தளங்களின் ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதிகள் என்று தேடித்தேடி முகவரிகளைச் சேர்த்தேன். ஒவ்வொரு தளத்திலும் முதலில் ரோபாட்ஸ் கோப்பைத்தான் பார்க்கிறேன். தானியங்கி நிரல் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று தளக்காரர் எழுதி வைப்பது அதில்தான். 1994-லிருந்து இருக்கிற பழக்கம், மீறினால் தடுக்கக் கதவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் வராதே என்று எழுதியிருக்கிற வீட்டுக்குள் போக எனக்கு மனசில்லை, விட்டுவிட்டேன். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் சில வினாடி இடைவெளியும் வைத்திருக்கிறேன், சின்ன சர்வர்கள் பாவம்.

கிடைத்ததெல்லாம் கர்நாடக இசையும் பரதமும்தான். வில்லு, நையாண்டி மேளம், கரகம் ஒன்றுகூட இல்லை. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இப்படி ஒரு பட்டியல் போட்டால் ஊரில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

9 ஜூலை

கொடை விழா அறிவிப்புகள் இணையத்தில் எழுத்தாகவே இருப்பதில்லை, எல்லாம் வாட்ஸாப்பில் சுற்றுகிற படங்கள். படத்திலிருந்து எழுத்தை எடுக்க டெசராக்ட் போட்டுப் பார்த்தேன், அதற்குத் தமிழும் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அடித்த நோட்டீஸை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, அதற்கு வெள்ளைக் கரை, பக்கத்தில் அம்மன் முகம், கீழே வரிசையாக ஊர்ப் பெரியவர்களின் தலைகள் என்று வரும் பிளக்ஸைக் கொடுத்தால், மீசையையெல்லாம் எழுத்து என்று நினைத்துக்கொள்கிறது.

12 ஜூலை

நோட்டீஸ் எங்கே பிறக்கிறதோ அங்கேயே போய்விடலாம் என்று தோன்றியது. பாளையங்கோட்டையில் தெரிந்த அச்சகத்துக்குப் போனேன். அண்ணாச்சி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “அடிச்சு முடிச்ச நோட்டீஸை வச்சு நான் என்ன செய்ய, எடுத்துக்கோ தம்பி. ஆனா கமிட்டிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடு, போன் நம்பர் எல்லாம் கிடக்கு பாத்துக்கோ” என்றார். கேட்டேன். போன் நம்பர், வரிதாரர் (கொடைக்கு வரி கொடுப்பவர்) பெயர் எதையும் ஏற்ற மாட்டேன் என்றதும் எல்லோரும் சரி என்றார்கள்.

14 ஜூலை

அச்சகக் கோப்பைத் திறந்து எழுத்தை நகலெடுத்தால் இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் வருகிறது. பழைய தமிழ் எழுத்துருக்களில் இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கிற இடத்தில்தான் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பார்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு கிடையாது. எதற்கு எது என்று ஒரு பட்டியல் போட்டு மாற்றினால் முக்கால்வாசி சரியாகிவிடும். மிச்சத்தில்தான் வேலை இருக்கிறது. பழைய எழுத்துருவில் ‘கொடை’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே இருக்கும். யூனிகோடில் ககரம்தான் முதலில் வர வேண்டும். அதை இடம் மாற்றி, கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கினால்தான் தேடலில் ‘கொடை’ அகப்படும். சிலர் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருக்கிறார்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதற்கு ஒரு தனி விதி எழுதியாயிற்று.

17 ஜூலை, ஆடி 1

இன்று முழுக்கத் தேதியோடு மல்லுக்கட்டு. நோட்டீஸில் ‘கொல்லம் 1200ஆம் ஆண்டு ஆடி மாதம் 6ஆம் தேதி (22.07.2025) செவ்வாய்க்கிழமை’ என்று வரும். நிரல் 1200-ஐப் பிடித்துக்கொண்டு நிகழ்ச்சி முடிந்து எண்ணூறு வருஷம் ஆயிற்று என்கிறது. கொல்லம் என்பது கேரளத்து ஆண்டுக் கணக்கு, இந்தப் பக்கம் அது ஆவணியில் மாறும். அதனால் ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும், ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும் கூட்ட வேண்டும். தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போனால்தான் தளத்தில் ஏறும், ஒன்று உதைத்தாலும் நான் பார்க்கும்வரை நிற்கும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் சாமக்கொடை, அதாவது நடுராத்திரிப் பூசை. ‘செவ்வாய் இரவு 12 மணி’ என்று போட்டிருந்தால் நமக்கெல்லாம் புரியும், மறுநாள் பொழுது விடிகிறவரை செவ்வாய்தான். கம்ப்யூட்டருக்குச் செவ்வாய் 12 மணி என்பது திங்கள் ராத்திரி முடிகிற நேரம். அதை நம்பி ஒருவர் கிளம்பினால் முந்தின ராத்திரி சாமியை அழைக்கிற குடியழைப்பைத்தான் பார்த்துவிட்டு வருவார். ‘இரவு’ என்ற சொல்லோடு 12-லிருந்து 3 வரை மணி வந்தால் மறுநாளுக்குத் தள்ளிவிடு என்று எழுதினேன். ஆனால் தளத்தில் ‘செவ்வாய் இரவு’ என்றே காட்டும். புதன் அதிகாலை என்று போட்டால் எவனும் வர மாட்டான்.

20 ஜூலை

ஊர்ப்பெயர்கள். அம்பை என்றாலும் அம்பாசமுத்திரம்தான், வி.கே.புரம் என்றாலும் விக்கிரமசிங்கபுரம்தான், ஸ்ரீவை என்றால் ஸ்ரீவைகுண்டம். இதையெல்லாம் கையால் எழுதித்தான் சேர்க்க வேண்டும். முத்தாரம்மன் கோயில் என்று மட்டும் போட்டால் எந்த ஊர் என்று சொல்லவே முடியாது, பக்கத்து ஊர், தாலுகா இரண்டும் கட்டாயம் என்று வைத்துவிட்டேன். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகப் போய்விட்டது, ஆனால் வில்லுக் குழுவுக்கு மாவட்ட எல்லை ஏது, அதையும் சேர்த்தேதான் பட்டியல்.

27 ஜூலை

தளம் ஓடுகிறது. ஒரே மனக்குறை: வில்லிசைக்காரர் பெயர் நோட்டீஸில் பெரிதாக இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு மட்டும் ‘மேளம்’ என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள். காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்த ஊர்ப்பக்கம் இது! வாசிப்பவர் பெயருக்கு ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன், கமிட்டிக்குப் போன் பண்ணிக் கேட்டு நிரப்புகிறேன். சில கமிட்டிக்கே தெரியவில்லை.

3 ஆகஸ்ட்

ஒரே குழு, ஒரே தேதி, இரண்டு ஊர் என்று வந்தால் ஒன்றை நிறுத்தி வைக்கும்படி விதி இருந்தது. அப்படி நின்றதைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவின் புலவரையே, தலைமைப் பாட்டுக்காரரையே, கூப்பிட்டேன். “ரெண்டுமே நாங்கதான் தம்பி. அங்க மத்தியானம் உச்சிக்கொடையை முடிச்சிட்டு வேன்ல ஏறினா பொழுது அடையதுக்குள்ள இங்க வந்துருவோம்” என்றார். விதியை மாற்றி, இரண்டு நிகழ்ச்சிக்கும் நடுவில் நாலு மணி நேரம் இல்லையென்றால் மட்டும் நிறுத்து என்று வைத்துவிட்டேன். இனிமேல் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா மேடை நிகழ்ச்சிகளை ஏற்ற வேண்டும். கடைசிச் செவ்வாய்க்கான நோட்டீஸ் எல்லாம் வந்துவிட்டதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார், சாயங்காலம் பென்டிரைவோடு போக வேண்டும்.