பணம் எங்கே தங்குகிறது

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். சரக்கு சென்னை, பெங்களூரு, கொச்சி என்று போகிறது. பணம்தான் அந்த வேகத்தில் திரும்புவதில்லை. பேங்க் கடனான சிசி கணக்கில் வட்டி ஏறிக்கொண்டிருக்க, பல பேர் இன்னமும் கூரியரில் செக் அனுப்புகிறார்கள். பேங்கில் வசூல் சேவை இருக்கிறதாமே, விசாரியுங்கள் என்றார் முதலாளி.

அமெரிக்காவில் இதை லாக்பாக்ஸ் என்பார்கள். கம்பெனிக்காக ஒரு தபால் பெட்டி. அதைத் திறப்பது பேங்க் ஆட்கள். உறையைப் பிரித்து, செக்கைக் கணக்கில் போட்டு, கூட வந்த சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார்கள். இங்கே அதற்குப் பக்கத்தில் வருவது சிஎம்எஸ்: வாடிக்கையாளரின் ஊரிலேயே ஆள் போய் செக்கை வாங்கி அங்கேயே போடுவது.

பேங்க்காரர் லேப்டாப்பைத் திறந்து விளக்கினார். ஆனால் இது வட்டிக்கணக்கை மனசாலேயே போடுகிற ஊர். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது; வெளியூர்ப் பணத்தை ஊருக்குக் கொண்டுவருவது இங்கே பழைய தொழில். மாதம் 30 லட்சம் செக்கில் வருகிறது என்று வையுங்கள். நாலு நாள் முந்தி வந்தால் கணக்கில் எப்போதும் 4 லட்சம் கூடுதலாக நிற்கும். 10 சதவீத வட்டிக்கு அது வருடம் 40,000, மாதம் 3,300 சொச்சம். பேங்கின் மாதக் கட்டணமும் செக்குக்கு இவ்வளவு என்ற கூலியும் இதற்குள் அடங்கவேண்டும். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் அடங்கவில்லை.

அந்த நாலு நாளும் கூரியரிலும் மேஜையிலும் போவதுதான். செக்கை ஸ்கேன் செய்து தீர்க்கிற சிடிஎஸ் முறை வந்தபின் செக் ஊர் ஊராய் அலைவதில்லை, அதன் படம்தான் போகிறது. காரைக்குடியில் போட்டாலும் சென்னையில் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

அப்புறம் பழைய ஃபைல்களை எடுத்து பில் தேதி, செக் தேதி, வரவு தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். செக் தேதிக்கும் வரவுக்கும் ஒரு வாரம்கூட இல்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தபால்ல ரெண்டு நாள். அவுக கையெழுத்துப் போட ரெண்டு மாசம். இதுக்கு எந்தப் பெட்டிய வைக்கிறது?"

எனக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. கல் பதிப்பையும் சேர்த்து எடுத்த வேலை ஒன்று. பில் 1,18,000. வந்த செக் 1,13,650. வரிக்காகப் பிடிக்கிற டிடிஎஸ் 2,000 சரி. மீதி 2,350-க்கு, பின் குத்திய துண்டுச்சீட்டில் பென்சிலால் 'உடைசல்' என்று எழுதியிருந்தது. லாரியில் உடைந்ததா, இறக்கும்போது உடைந்ததா என்று டிரைவரைக் கேட்டால்தான் தெரியும். 'இத்துடன் கணக்கு முடிந்தது' என்று எழுதி வரும் செக்கை நாங்கள் நிறுத்திவைத்துப் பேசுவோம். பேங்க் ஆள் பாட்டுக்குப் போட்டுவிடுவார், பிறகு வாதாடுவது கஷ்டம்.

கடைசியில் எடுத்துக்கொண்டது விர்ச்சுவல் அக்கவுண்ட். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண். எந்த எண்ணில் பணம் விழுகிறதோ அவர் பெயரில் வரவு. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் நாள் முழுக்க ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் பணம் வருகிறது. பில்லில், சிறுதொழில் என்று காட்டும் உத்யம் பதிவு எண்ணையும் பெரிதாக அச்சடித்தோம். எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தராவிட்டால் 2023-24 கணக்கு வருடத்திலிருந்து, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்டமுடியும். மார்ச் மாதம் சில கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இப்போது தாங்களாகவே போன் செய்து, தரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார்கள். செக்தான் தருவோம் என்கிற பழைய சென்னைக்காரர்கள் சிலருக்குக் கூரியரே தொடர்கிறது. உடைசல் சீட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது, உடைந்த கல்லின் போட்டோவோடு.