கற்கண்டு வெடிக்கும் சத்தம்

போன வருடம் காற்றாலைப் பராமரிப்புப் பயிற்சிக்காக ஐந்து வாரம் ஜெர்மனியில் இருந்தேன். நெதர்லாந்து எல்லையை ஒட்டிய வடமேற்கு மூலை, ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து என்று பெயர். கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலை ஏறி இறங்கியவனுக்கு அந்த ஊர்க் காற்று புதிதில்லை, குளிரையும் எப்படியோ சமாளித்துவிட்டேன், ஆனால் காலையில் ஒரு உருப்படியான டீ இல்லாமல் முதல் வாரம் முழுக்கத் தலைவலியோடுதான் வேலைக்குப் போனேன்.

ஹோட்டலில் டீ கேட்டால் காபி மெஷினிலிருந்து ஒரு கப் வெந்நீர் பிடித்து, சாசரில் உறை பிரிக்காத டீ பேக் ஒன்றை வைத்துத் தருவார்கள். மேசைக்கு வந்து, உறையைப் பிரித்து, பையை உள்ளே விடுவதற்குள் சூடு பாதி இறங்கிவிடும். தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்தில் இருக்கும் பாலை ஊற்றினால் அந்த மஞ்சளும் போய்விடும். இன்னொன்று, அங்கே புதினா, சாமந்தி, உலர்ந்த பழத்துண்டு எல்லாமே டீதான். வெறுமனே டீ என்றால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். 'ஷ்வார்ட்ஸ்டே' என்று சொல்ல வேண்டும், கறுப்பு டீ என்று அர்த்தம்.

நம் ஊர் டீயில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே அப்போதுதான். நாம் போடுவது டஸ்ட் டீ. இலையை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கும் சிடிசி முறையில் வந்தது, 1930-களில் அஸ்ஸாமில் பிறந்த முறை. தூள் அவ்வளவு பொடியாக இருப்பதால்தான் சாறு சட்டென்று இறங்குகிறது, பால் ஊற்றியும் நிற்கிறது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் "அண்ணாச்சி, ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சீனி கம்மியா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கைக்கு வந்துவிடுகிறது என்றால், அதற்கு முன்பே பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டும் துணி வடிகட்டியில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டும் இருக்கிறது.

விமானத்தில் டீ நன்றாக இல்லாததற்கு ஒரு காரணம் சொல்வார்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும், அங்கே தண்ணீர் 92, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சாறு இறங்காது என்று. சரிதான். ஆனால் ஊட்டியும் 2,240 மீட்டர் உயரம், அங்கேயும் அதே சூட்டில்தான் தண்ணீர் கொதிக்கிறது, அங்கே ரோட்டோரக் கடையில் கிடைக்கிற டீயை யாராவது குறை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தூளை அடுப்பைவிட்டு இறக்காமல் கொதிக்க விடுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் வெளியூரில் டீக்கடை தேடும்போது நான் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. உள்ளே அடுப்பின் மேல் ஏதாவது பாத்திரம் இருக்கிறதா, அதன் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்கிறேன்.

இரண்டாவது வாரம் ஹோட்டலை விட்டு லேர் என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டு மாடிக்கு மாறினேன். வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் சாயங்காலமே கீழே கூப்பிட்டார். மேசையில் மெழுகுவர்த்தி எரியும் ஒரு தாங்கி, அதன் மேல் டீ பாட், ரோஜாப்பூ போட்ட மெல்லிய பீங்கான் கோப்பைகள். கோப்பைக்குள் ஒரு பெரிய கற்கண்டுத் துண்டைப் போட்டார். அதே நம் பூஜைக் கற்கண்டு போலத்தான், கொஞ்சம் பெரிது, 'க்ளுண்ட்யே' என்கிறார்கள். அதன் மேல் சுடச்சுட டீயை ஊற்றினதும் கற்கண்டு படபடவென்று விரிசல் விட்டது. பாட்டி விரலைத் தூக்கி, கேள் என்று சைகை காட்டினார். அப்புறம் குட்டிக் கரண்டியால் க்ரீமை எடுத்துக் கோப்பையின் ஓரமாக விட்டார். அது அடியில் போய், மேகம் மாதிரி மேலே சுருண்டு வந்தது. கலக்கக் கூடாது. முதல் வாயில் க்ரீம், நடுவில் அஸ்ஸாம் இலையின் நல்ல கசப்பு, கடைசியில் அடியில் கரைந்த இனிப்பு என்று தனித்தனியாக வரும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. ஜெர்மனி காபி தேசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் இந்த ஒரு மூலையில் மட்டும் ஆளுக்கு வருடத்துக்கு 300 லிட்டர் அளவுக்கு டீ குடிக்கிறார்கள். மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும். அது தெரியாமல் அன்று ஐந்து குடித்தேன்.

திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் ஒரு நாள் தங்கினேன். அங்கே கஷ்டமே இல்லை, எமினோனூவிலிருந்து கடிகோய் போகும் படகில்கூட டீ விற்கிறார்கள். கீழே வெந்நீர், மேலே டிகாக்ஷன் என்று இரண்டடுக்குப் பாத்திரம். கறுப்பாக வேண்டுமென்றால் 'தெம்லி', லைட்டாக வேண்டுமென்றால் 'அச்சுக்'. பால் கிடையாது, நானும் கேட்கவில்லை. சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, தே தாரிக் என்கிற அந்த ஊர்ப் பால் டீயை ஆற்றுகிற கை நம் தமிழ் முஸ்லிம்கள் கொண்டுபோன கைதான். 'தே' என்றால் கண்டென்ஸ்டு மில்க் போட்டு இனிப்பாக வரும், 'தே சி' என்றால் இனிக்காத சுண்டிய பால், சீனியே வேண்டாமென்றால் 'கோசோங்' சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 'தே சி'தான் ஜெர்மனியில் எனக்கு வழி காட்டியது. அங்கே காபிக்கு ஊற்ற இனிப்பில்லாத சுண்டிய பாலைக் கடைகளில் விற்கிறார்கள், பத்து சதவீதக் கொழுப்பு உள்ளது நன்றாக இருக்கும். சாதாரணப் பெட்டிப் பாலை விட்டால் டீ நீர்த்து, ஆறியும் போகிறது. இது கொஞ்சம் ஊற்றினாலே போதும். ஊரிலிருந்து கால் கிலோ டஸ்ட் டீ, ஒரு சின்ன வடிகட்டி, அரை லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் எடுத்துப் போயிருந்தேன். கெட்டிலில் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் முதலில் ஃபிளாஸ்க்கைக் கொதிநீரால் அலசிவிட்டு, 200 மில்லிக்கு இரண்டு ஸ்பூன் குவியலாகத் தூளைப் போட்டு ஊற்றி இறுக மூடி, ஏழு நிமிடம் விட வேண்டும். ஃபிளாஸ்க்குக்குள் சூடு இறங்காமல் நிற்பதால் அடுப்பில் வைத்த மாதிரியே சாறு வந்துவிடும். ஹோட்டல் கெட்டிலில் மட்டும் தயவுசெய்து பாலைக் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்தால் அடுத்து வருகிறவருக்கு அது ஆகாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாட்டிக்கு அந்த டீயைப் போட்டேன். இரண்டு டம்ளர் எடுத்து நான்கு தடவை ஆற்றும்போது அவர் மேஜை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முதல் கோப்பையைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நீட்டினார், ஊற்றினேன். அதையும் முடித்துவிட்டுக் கரண்டியை எடுத்தார், கோப்பைக்குள் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். சாசரில் வைத்துவிட்டு மறுபடி நீட்டினார். ஃபிளாஸ்க் காலி. எழுந்து போய் கெட்டிலைப் போட்டேன்.