அரைஞாண் கயிற்றுக்குக் கீழே

பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றைப் பார்த்தாலே என் கை நேராகக் களிம்பு டியூபுக்குத்தான் போகும். "காலையில, ராத்திரியில தடவு" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவேன். ஒரு பள்ளிக்கு வருடத்தில் ஒருமுறைதான் போவோம். கொடுத்த டியூப் என்ன ஆனது என்று கேட்டதே இல்லை.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் என்னைக் கேட்க வைத்தான். சட்டையைத் தூக்கினால் இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்து மினுமினுத்தது. வழக்கமாகத் தெரியும் வட்டமும், தடித்த சிவந்த ஓரமும் இல்லை. ஆனால் தொடை வரை இறங்கியிருந்தது. கறுப்பு அரைஞாண் கயிற்றை இரண்டு விரலால் பிடித்தேன், விரல் நனைந்தது. மணி பதினொன்று. காலையில் குளித்த ஈரம் அப்படியே இருந்தது.

அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் இருந்த பாட்டியை, அவனுடைய ஆயாவை, பள்ளிக்கு வரச் சொன்னோம். "இதுக்கு என்னம்மா தடவினீங்க?" என்று எங்கள் டாக்டரம்மா கேட்டதும், சுருக்குப் பையிலிருந்து கடைசி வரை சுருட்டிய ஒரு டியூபை எடுத்தார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்த களிம்பு.

"ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடும் நர்சம்மா. விட்டா திரும்ப வருது. அதான் மூணு மாசமா விடாம தடவறேன்."

அவர் மேல் தப்பே இல்லை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். ஆனால் தோலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்கிப்போவதால் அடியில் பூஞ்சை நிம்மதியாக வளரும், தோல் மெலிந்துபோகும். பேசிக்கொண்டே ஆயா முழங்கையைச் சொறிந்ததைப் பார்த்தேன். சேலையை ஒதுக்கச் சொன்னால் அங்கே இரண்டு வட்டங்கள். பையனின் தங்கைக்குக் கழுத்தில் ஒன்று. மூவருக்கும் ஒரே போர்வை, ஒரே துண்டு. இதில் ஒருவனுக்கு மட்டும் டியூப் கொடுத்து என்ன பயன்?

ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பை மூவருக்கும் ஒரே நாளில் தொடங்கினோம். ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் தடவ வேண்டும், படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். ஆளுக்கொரு துண்டு. தண்ணீரைக் குடத்தில் சுமக்கும் வீட்டில் "எல்லாத்தையும் தினமும் துவைங்க" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துண்டும் ஜட்டியும் தினமும் துவைத்தால் போதும், மற்றதை உள்பக்கம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் போடுங்கள் என்றேன்.

கயிற்றை அவிழ்க்கத்தான் ஆயா தயங்கினார், கண்ணு பட்டுடும் என்று. நான் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாமி படத்துக்கிட்ட வெச்சிடறேன், ஆறினதும் புதுசா கட்டிக்கலாம்" என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் தலையையும் நிதானமாகப் பார்க்கிறேன். முடி திட்டாகக் கொட்டினால் ஊரில் எல்லாமே புழுவெட்டுதான். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துவிடுவார்கள். புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும். செதில் உதிர்ந்து, முடி தோலை ஒட்டி ஒடிந்து நின்றால் பூஞ்சையாக இருக்கலாம். களிம்பு முடியின் வேர் வரை போகாது. டாக்டர் பார்த்துத் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டாக வேண்டும். சீப்பும் தனியாக இருக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து அதே ஊர் அங்கன்வாடிக்குப் போனபோது பையன் ஓடிவந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். அரிப்பு இல்லை, லேசான கருமை மட்டும் பாக்கி.

"அக்கா, அரணாக்கயிறு எப்போ கட்டலாம்?"

"இன்னும் பதினஞ்சு நாள் மருந்து தடவணும்டா. அப்புறம் கட்டிக்கோ. குளிச்சதும் கயித்தையும் துடைக்கணும், சரியா?"

தலையாட்டிவிட்டு, கொடியில் காய்ந்த தன் துண்டை எடுத்துக் காட்டினான். ஓரத்தில் ஆயா சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டிருந்தார், அவனுடையது என்று அடையாளத்துக்கு.