சீர்த் தட்டில் இருந்த மஞ்சள்

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் போய் உட்கார்ந்து மடி கொடுத்தால்தான் ஆசாரி ஊசியையே கையில் எடுப்பார். அப்படிப்பட்ட நாளில் நம்ம வேனை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் மூன்று முறை சொன்னார்கள், நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஒரே வருடத்தில் ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டு அடைப்பெடுத்து, அப்புறமும் சூடு ஏறுகிறது என்று புதுசே வாங்கி மாட்டி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப், ஃபேன் மோட்டார் எல்லாம் மாற்றி, தெர்மோஸ்டாட் வால்வை மட்டும் "இது நம்மூரு வெயிலுக்கு எதுக்குங்க" என்று மெக்கானிக் பிடுங்கி எறிந்து, மொத்தம் 14,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அவ்வளவையும் முழுங்கிய வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு நிற்க எனக்கு மனசு வரவில்லை.

2003 மாடல். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இரண்டு தடவை ஐந்தைந்து வருடம் ஆயுள் நீட்டி வாங்கி வந்திருக்கிறேன், மார்க்கண்டேயன் கூட ஒரு தடவைதான் வாங்கினான்.

ஆழியாறு செக்போஸ்ட் வரைக்கும் தங்கம். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் எஞ்சின் சூடு காட்டுகிற முள் மெதுவாக எழுந்திருக்கத் தொடங்கியது. மொத்தம் நாற்பது வளைவு, ஒவ்வொன்றுக்கும் போர்டு வைத்திருப்பார்கள், பையன் பின்னால் உட்கார்ந்து 3/40, 4/40 என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சத்தமாகப் படிக்கிறான். ஐந்தாவதில் நான் ஹீட்டரைப் போட்டேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துவிட்டால் முள் இறங்கும், இது உண்மையான வைத்தியம்தான், ஆனால் மே மாதத்தில், எஞ்சினே சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியில், முன்னால் பட்டுச்சேலையோடு அம்மா உட்கார்ந்திருக்கும்போது செய்யக் கூடாது. "ஏஞ்சாமி, என்னைய இட்லி அவிக்கிறியா?" என்றார்.

ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. அங்கேதான் கொதித்தது. கீழே ஆழியாறு அணை தெரிய நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அணையை விட்டுவிட்டு எங்கள் ஆவியைப் படம் எடுக்கத் திரும்பியது. பாறை மேல் ஒரு வரையாடு நின்று எங்களைப் பார்த்தது. அதைப் பார்க்கத்தான் சனம் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, அது எங்களைப் பார்த்தது.

நம்மூரில் முன்பக்கம் திறந்து நிற்கும் வண்டியும் துக்க வீடும் ஒன்று. யார் வேண்டுமானாலும் வரலாம், எப்படி ஆச்சு என்று கேட்கலாம், போகிற போக்கில் ஒரு கருத்தும் சொல்லலாம். பைக்கில் வந்த பையன் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்றான். குடும்பத்தோடு வந்தவர் போர் தண்ணி ஊத்துனீங்களா, உப்பு அடைச்சிருக்கும் என்றார். இளநீர் லோடை மேலே இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டெம்போக்காரர் மட்டும் ரொம்ப உறுதியாக, "லீக்குங்க. மஞ்சத்தூள் போடுங்க, தண்ணியோட போயி ஓட்டைய அடைச்சுக்கும்" என்றார்.

இதுவும் பழைய மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான். பிரச்சினை என்னவென்றால் எங்களிடம் மஞ்சள்தூள் இருந்தது. சீர்த் தட்டில். தங்கச்சிக்கென்று ஈரோட்டில் பார்த்துப் பார்த்து வாங்கி அரைத்த விரலி மஞ்சள், அரை கிலோ. என் மனைவி அந்தப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இது சீருங்க" என்றாள். கால் கிலோவுக்கு ஒப்புக்கொண்டாள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கௌரவத்தோடு கொதிக்கிற ரேடியேட்டருக்குள் போன முதல் மஞ்சள் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மட்டம் பார்க்கலாம் என்று துண்டைச் சுற்றி மூடியைத் திருகினேன். சூடான வண்டியில் மூடியைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான். குதித்து விலகியதால் முகம் தப்பித்தது, வெள்ளைச் சட்டை தப்பவில்லை. கோயிலில் மஞ்சள் நீராட்டு நடந்த மாதிரி இருந்தது. டெம்போ எப்போது போனது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா இறங்கி வந்தார். விசிறிக்கொண்டே ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த ரிசர்வ் டேங்கைக் காட்டி, "இந்த வெள்ளை டப்பாவுல தண்ணி வழியுது, உள்ளாற தண்ணியே இல்லீங்கற. போன தண்ணி ஏன் திரும்பி வரல?" என்றார். மூடியைக் கையில் வாங்கி அடியில் இருந்த ரப்பரை நகத்தால் நிமிண்டினார். காய்ந்த வடாம் மாதிரி உதிர்ந்தது. "குக்கர் கேஸ்கெட்டு போனா விசிலு வருமா?"

அவ்வளவுதான். மூடி பிரஷரைப் பிடித்து வைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் 120 டிகிரியை நெருங்கும்வரை கொதிக்காது, ஆறும்போது டப்பாவுக்குப் போன தண்ணீரை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். ரப்பர் போன மூடி இரண்டையும் செய்யாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான் இதெல்லாம், எட்டு மாதமாக நான்தான் அந்த மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட் ஜீப்காரர் ஒருவர் டேஷ்போர்டைக் குடைந்து பழைய மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, அதைப் போட்டுக் கிளம்பினோம். மிச்சம் 31 வளைவு, முள் அசையவில்லை. பையனுக்கு ஒரே ஏமாற்றம்.

ஒன்பது மணிக்குக் காதுகுத்து, நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒன்பதே முக்கால். மஞ்சள் சட்டையோடு தலைகுனிந்து உள்ளே போனால் பந்தலில் நாற்காலிகூடப் போடவில்லை, தங்கச்சி தலையில் துண்டோடு காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். "என்னண்ணா அதுக்குள்ள வந்துட்ட? உனக்கு மட்டுந்தான் ஒம்பதுன்னு சொன்னேன். பத்திரிகைல பதினொண்ணு." வண்டி வழியில் இரண்டு மணி நேரம் நிற்கும் என்று எனக்காகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பத்திரிகையை என் கண்ணிலேயே காட்டவில்லை, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ்தான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்த ரப்பர் போன மூடியைக் கொண்டுபோய் மெக்கானிக் மேஜை மேல் வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது போயி ரொம்ப நாளாச்சுங்க சார்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பம்ப் மாத்தும்போதே பாத்தேனுங்க. நீங்க மூடியப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்களே."