தண்ணீர் வருவதற்குள் ஜோங்கா

மே 24

இந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12-லேயே திறந்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் எங்கள் கொல்லைக்குப் போகிற வழியில் ஓர் இடத்தில் வண்டியை இறக்கித்தான் ஏற்ற வேண்டும், அங்கே பாலம் கிடையாது. அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று இன்றைக்கே ஜாக்கியை எடுத்துவிட்டேன்.

ஜோங்கா தெரியாதவர்களுக்காக: நிஸான் பேட்ரோலை ஒட்டி ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. பட்டாளத்தில் இருந்தபோது ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஏலத்தில் வெளியே வந்த பிறகு பலர் டீசல் மாற்றிக்கொண்டார்கள். எங்களுடையதில் அப்பா காலத்தில் சிம்சன் நாலு சிலிண்டர் உட்கார்ந்தது, பின்னால் சாமான் ஏற்றத் தொட்டியும் கட்டினார்கள். சென்னை செம்பியத்துச் சரக்கு என்பதால் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் டிராக்டர் பார்க்கிற எவரும் தயங்காமல் கை வைப்பார்கள். வண்டி இன்னும் ஓடுவதற்கு இது பெரிய காரணம்.

மே 27

காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு ரொம்ப நேரம் எடுக்கிறது, ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. ராத்திரி நிற்கும்போது டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, அதாவது எங்கேயோ காற்று புகுகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. டேங்குக்கும், டீசலை இழுத்து அனுப்புகிற ஃபீட் பம்புக்கும் நடுவே இருப்பது இழுக்கிற பக்கம், அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகும். பட்டறை அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, பம்புக்கு முன்னாடி உள்ளே தெரியிற பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி மாட்டிப் பாருங்க, குமிழி வந்தா தெரிஞ்சிடும்" என்றார். மாட்டினேன், வரிசையாகக் குமிழி. டேங்க் பக்கத்துக் குழாய் இணைப்பில் (யூனியன்) காப்பர் வாஷர் தேய்ந்து தகடாகிக் கிடந்தது. அந்த லைனில் எல்லா வாஷரையும் மாற்றிவிட்டு, கைப்பம்பை அடித்து முதலில் ஃபில்டர் திருகில் ஏர் எடுத்து, பிறகு பம்புத் திருகில், கடைசியாக நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் சுத்தமாக வந்ததும் இறுக்கினேன். அடித்த உடனே பிடித்தது!

ஜூன் 2

இன்றைய வேலைதான் முக்கியம். முன் டிஃபரன்ஷியல், அதாவது முன் ஆக்ஸிலில் இருக்கிற கியர் பெட்டி, அதன் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே காற்று சுருங்குகிறது. மேலே காற்று போய்வர இருக்கிற சின்ன மூடி, பிரீதர், திறந்திருந்தால் அந்த வழியாகக் காற்று வந்து சரியாகிவிடும், அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் பிரீதர் இருந்த இடமே தெரியவில்லை, வண்டல் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. பழைய வண்டி, பட்டாள வண்டி, எதையும் தாங்கும் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு சின்ன மூடியைப் பார்க்கவே மாட்டார்கள், அதில்தான் பேரிங்கும் கிரவுன் வீலும் போகின்றன.

இரண்டு ஆக்ஸிலையும் வடித்து, கொஞ்சம் டீசல் விட்டு அலசி, முழுக்க வடியவிட்டு, சீல்களை மாற்றி, 90 கியர் ஆயில் ஊற்றினேன். பிரீதரில் ரப்பர் டியூப் சொருகி, சேஸிஸ் மேல் வழியாகக் கொண்டுபோய், தண்ணீர் மட்டம் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டேன். செலவு ரொம்பக் கம்மி. டெல்டாவில் நாலு வீல் டிரைவ் வைத்திருக்கிற எல்லாரும் இதைச் செய்ய வேண்டும்.

ஜூன் 7

தொட்டியில் துரு சுரண்டினேன். இப்போதிருக்கிற நீல பெயிண்டுக்குக் கீழே பழைய ஆலிவ் பச்சை எட்டிப் பார்த்தது. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் 1989 மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி அந்த நிறம் ராணுவத்துக்கு மட்டும். துருவுக்கு ரெட் ஆக்ஸைடு பூச்சு, மேலே பழையபடி நீலம்.

ஜூன் 12

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். நாலு பிரேக் டிரம்மையும் கழற்றிச் சேற்றை வழித்தேன். வீல் சிலிண்டர் கிட் மாற்றி, பிரேக் ஆயிலை முழுக்கப் புதுசாக்கினேன், அது ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சிலிண்டரை உள்ளே அரிக்கும். வீல் பேரிங்குக்கும் புது கிரீஸ். ஏர் எடுக்க பெடலை மிதித்தது தங்கச்சி மகன், சொன்ன நேரத்துக்கு மிதித்தான், சொன்ன நேரத்துக்குப் பிடித்தான், நல்ல கை.

ஜூன் 20

குடமுருட்டியிலிருந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. விதைநெல்லையும் டிஏபி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு லோ கியரில், ஒரே சீராக, நடுவில் கிளட்சை மிதிக்காமல் இறங்கி ஏறினேன். கரையேறியதும் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தியபடியே ஓட்டி ஷூவைக் காயவைத்தேன். சாயங்காலம் முன் பிளக்கைத் தளர்த்திப் பார்த்தால் ஆயில் தெளிவாக இருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும் பாக்கி, தஞ்சாவூரில் அளவு கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை போய் வாங்க வேண்டும்.