கவர் வாங்கிய துணை அதிபர்

அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் என்று ஆரம்பித்தால் நிக்சனோடு கதையை முடித்துவிடுகிறோம். அவருக்கு பத்து மாதம் முன்னாலேயே அவருடைய துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ வீட்டுக்குப் போய்விட்டார், அதுவும் வாட்டர்கேட்டோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு விஷயத்துக்காக. நம் ஊர் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லாத விஷயம். கான்ட்ராக்ட் கமிஷன்.

கிரேக்கத்திலிருந்து வந்து பால்டிமோரில் உணவகம் நடத்தியவரின் மகன். 1962-ல் பால்டிமோர் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத் தலைவர், 1966-ல் மேரிலாந்து கவர்னர். அந்தத் தேர்தலில் எதிரே நின்ற ஜனநாயகக் கட்சிக்காரர், கறுப்பர்கள் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குவதை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். அதனால் கறுப்பர்களின் ஓட்டு குடியரசுக் கட்சி அக்னியூவுக்கு விழுந்தது. சரி, நல்ல மனிதர் என்று நம்பியிருப்பார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு பால்டிமோர் பற்றி எரிந்தது. கலவரத்தை அடக்கத் தெருத்தெருவாக அலைந்த கறுப்பினத் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டிவி கேமராக்கள் முன்னால் திட்டித் தீர்த்தார் அக்னியூ. பாதிப் பேச்சிலேயே பலர் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த வசவுதான் அவருக்கு ஏணி. நான்கே மாதத்தில் நிக்சன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். ‘ஸ்பைரோ யாரு?’ என்று நாடே கேலி செய்தது. பதவிக்கு வந்தபின் வேலை என்ன என்றால், திட்டுவது. டிவி கம்பெனிகள், வியட்நாம் போருக்கு எதிராக ஊர்வலம் போன மாணவர்கள், யாரையும் விடவில்லை. 1970-ல் சான் டியேகோவில் பேசிய ‘நேட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்’ இன்னும் நினைவுகூரப்படுகிறது. தமிழில் ‘நம்பிக்கையே இல்லாமல் நச்சரிக்கும் நவாப்கள்’ எனலாம், மோனை தப்பாது. (அந்த ‘நேபாப்’ நம்ம நவாப்தான். வாக்கியம் அக்னியூவுடையது அல்ல, எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சஃபயர்.) 1972-ல் நிக்சன்–அக்னியூ ஜோடி 49 மாநிலங்களை அள்ளியது. அடுத்த அதிபர் இவர்தான் என்று பேச்சு.

அப்புறம்தான் வினை. பால்டிமோரில் ஜார்ஜ் பீல் என்ற அரசு வழக்கறிஞரும் சில இளம் உதவியாளர்களும் கவுண்டியில் நடந்த லஞ்சத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். குறி, அப்போது பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சிக்காரர்மேல். தோண்டத் தோண்ட வந்தது, அவருக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்த அக்னியூ. இன்ஜினியரிங் வேலைகளுக்கு டெண்டர் கிடையாது, வேண்டியவருக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் ஐந்து சதவீதம். கவர்னர் ஆனபிறகு பங்கு பிரிப்பதில்கூட கணக்கு சுத்தம்: அக்னியூவுக்குப் பாதி, வசூல் செய்யும் நண்பருக்குக் கால், சாலைத்துறைத் தலைவருக்குக் கால். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். துணை அதிபர் ஆனபின்பும், பழைய பாக்கி என்று லெஸ்டர் மாட்ஸ் என்ற இன்ஜினியர் சுமார் 10,000 டாலரைக் கவரில் போட்டு அவருடைய ஆபீசுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததாக வாக்குமூலம். அமெரிக்கத் துணை அதிபருக்கு, கவர்னர் காலத்துக் கமிஷன்!

பீலும் குடியரசுக் கட்சிக்காரர், அவர் அண்ணன் அதே கட்சி செனட்டர். அண்ணன் வழியாக நெருக்கியும் பார்த்தார்கள், வேலைக்கு ஆகவில்லை. 1973 செப்டம்பர் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் கட்சிப் பெண்கள் கூட்டத்தில் அக்னியூ ‘குற்றம் சாட்டினாலும் ராஜினாமா செய்யமாட்டேன்’ என்று முழங்கினார். கைதட்டல் ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 10 அன்று ராஜினாமா. 1967 வருமானத்தில் 29,500 டாலரை மறைத்த ஒரே ஒரு வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டு, அதையும் ஒப்புக்கொள்ளவில்லை, எதிர்த்து வாதாடவில்லை என்று மட்டும் சொன்னார். ஜெயில் இல்லை. அபராதம் 10,000 டாலர், ஒரு கவரின் விலை.

இப்படி விட்டது தப்பு என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நிக்சனே தள்ளாடிக்கொண்டிருந்த நேரம், வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால் இவர்தான் அதிபர். அதனால்தான் அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் முதலில் ஆளை நாற்காலியிலிருந்து இறக்கினார். காலியான இடத்துக்கு வந்த ஜெரால்ட் ஃபோர்டு மறு ஆகஸ்டில் அதிபர்.

நிக்சன் தன்னைப் பலிகொடுத்துவிட்டார் என்ற கோபம் அக்னியூவுக்குக் கடைசிவரை இருந்தது. அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை. ஆனால் 1994-ல் நிக்சன் இறந்தபோது இறுதிச்சடங்குக்குப் போனார்.